ஜேக்கப் லெவி மொரேனோ

ஜேக்கப் லெவி மொரேனோ (மே 18, 1889 - மே 14, 1974) ருமேனியாவில் பிறந்து, ஆஸ்திரியாவில் கல்வி கற்று, ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஆவார். உளநாடகம் என்னும் சிகிச்சை முறையை உருவாக்கியவர். குழு உளச்சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவர். ஒரு குழுவினரிடையே உள்ள விருப்பு வெறுப்புகளை அளந்து ஆராயும் சமூக அளவியல் என்னும் துறையைத் தோற்றுவித்தவரும் இவரே.

இன்று வலையமைப்புகளை ஆராயும் கணினியியலாளர்களும் உயிரியலாளர்களும் மொரேனோவை வேறொரு காரணத்துக்காகக் குறிப்பிடுவதுண்டு. மனிதர்களைப் புள்ளிகளாகவும் அவர்களுக்கிடையேயான ஈர்ப்பைக் கோடுகளாகவும் வரைந்து, அவ்வரைபடத்தில் தோன்றும் இணை, சங்கிலி, முக்கோணம் போன்ற சிறு உருவங்களை எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தற்செயலாக உருவாகும் வரைபடங்களோடு ஒப்பிடும் முறையை இவரும் ஹெலன் ஹால் ஜென்னிங்சும் 1938 ஆம் ஆண்டிலேயே கையாண்டனர். வலையமைப்புகளின் அமைப்பைச் சிறு உட்கோட்டுருக்களைக் கொண்டு ஒப்பிடும் இக்கால முறைகளின் மூதாதை இது எனலாம்.

பிறப்பும் இளமையும்

மொரேனோ ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் செபார்டிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை மொரேனோ நிசிம் லெவி ஒரு வணிகர். பிற்காலத்தில் தந்தையின் முதற்பெயரையே தமது குடும்பப் பெயராக ஆக்கிக்கொண்டார். தாம் 1892 இல், கருங்கடலில் மிதந்துகொண்டிருந்த ஒரு கப்பலில், எந்த நாட்டின் கொடியும் இல்லாத நிலையில் பிறந்ததாக அவர் சொல்லி வந்தார். ஆனால் பிறப்புப் பதிவேடு புக்கரெஸ்ட்டையும் 1889 ஆம் ஆண்டையுமே காட்டுகிறது. தம்மைப் பற்றி மொரேனோ கூறிய செய்திகளை வேறு சான்றுகளோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு ஆகும்.

மொரேனோ சிறுவனாக இருந்தபோதே குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1917 இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்த காலத்தில் நகரப் பூங்காக்களில் விளையாடும் குழந்தைகளைக் கூட்டிக் கதை சொல்லி, அவர்களையே கதைமாந்தர்களாக நடிக்கச் செய்தார். 1913 ஆம் ஆண்டு முதல் வியன்னாவின் ஸ்பிட்டல்பெர்க் பகுதியில் பாலியல் தொழிலாளர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பேசவைத்தார். மருத்துவர் அறிவுரை கூறாமல், குழுவில் உள்ளோர் ஒருவருக்கொருவர் உதவும் முறையை இங்கேதான் கண்டதாகப் பின்னர் எழுதினார்.

முதலாம் உலகப் போரின்போது வியன்னாவுக்கு அருகே மிட்டர்ண்டார்ஃப் என்னுமிடத்தில், இத்தாலிய எல்லைப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களுக்காக ஓர் அகதி முகாம் அமைக்கப்பட்டிருந்தது. அங்கு மருத்துவப் பணி புரிந்த மொரேனோ, முன்பின் அறியாத குடும்பங்களை நிர்வாகம் தன் விருப்பப்படி ஒரே குடியிருப்பில் அடைத்ததால் சண்டைகளும் மனக்கசப்பும் பெருகுவதைக் கவனித்தார். யாருடன் யார் வாழ விரும்புகிறார் என்று கேட்டு அதன்படி இடம் ஒதுக்கினால் என்ன என்ற எண்ணம் இங்கு அவருக்கு எழுந்தது. சமூக அளவியலின் விதை இதுவே.

போருக்குப் பின் வியன்னாவை அடுத்த பாட் வொஸ்லவ் என்னும் ஊரில் மருத்துவராக இருந்துகொண்டே, நாடகத்திலும் இலக்கியத்திலும் ஈடுபட்டார். 1918 இல் டைமோன் என்னும் இதழைத் தொடங்கினார். ஏப்ரல் 1, 1921 அன்று வியன்னாவின் ஓர் அரங்கில் எழுதப்பட்ட நாடகமோ நடிகர்களோ இன்றித் தனியாக மேடையேறினார். மேடையில் ஓர் அரியணையும் கிரீடமும் மட்டும் இருந்தன. போரில் தோற்றுச் சிதைந்த நாட்டுக்கு யார் தலைமையேற்பது என்று கேட்டு, பார்வையாளர்களையே மேடைக்கு அழைத்தார். நிகழ்ச்சி படுதோல்வி அடைந்தது. ஆயினும் உளநாடகத்தின் பிறந்த நாளாக அவரது மாணவர்கள் இந்நாளையே கொள்கின்றனர். பின்னர் அவர் நடத்திய முன்னேற்பாடற்ற நாடக அரங்கில் நடித்தவர்களுள், பின்னாளில் திரைப்பட நடிகராகப் புகழ்பெற்ற பீட்டர் லாரியும் ஒருவர்.

அமெரிக்காவில்

1925 இல் மொரேனோ ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பற்றிய கண்டுபிடிப்பும் அவரிடம் இருந்தது. அதை விற்கும் நம்பிக்கையும் அப்பயணத்துக்கு ஒரு காரணம். முதல் சில ஆண்டுகள் எளிதாக இல்லை. 1931-32 காலப்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில், கைதிகளை எவரோடு எவரைச் சேர்த்துத் தங்கவைப்பது என்பது பற்றி ஆராய்ந்தார். குழு உளச்சிகிச்சை என்னும் சொல்லை அவர் 1932 இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பிலடெல்பியாக் கூட்டத்தில் முன்வைத்தார்.

இக்காலத்தில்தான் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ட்னர் மர்ஃபியிடம் பயின்றுகொண்டிருந்த ஹெலன் ஹால் ஜென்னிங்ஸ் அவருடன் இணைந்தார். மொரேனோவிடம் கருத்துகள் ஏராளமாக இருந்தன. ஆனால் ஒழுங்கான ஆய்வு வடிவமைப்பு, தரவு சேகரிப்பு, எண்ணிக்கைப் பகுப்பாய்வு ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர் ஜென்னிங்சே.

ஹட்சன் பள்ளி ஆய்வு

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் பெண்களுக்கான மாநிலப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. பள்ளி என்று பெயர் பெற்றிருந்தாலும், நீதிமன்றங்களால் அனுப்பப்பட்ட சிறுமிகள் தம் விருப்பப்படி வெளியேற முடியாத இடம் அது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிறுமிகள் தனித்தனி இல்லங்களில் தங்கவைக்கப்பட்டனர். கறுப்பினச் சிறுமிகளுக்குத் தனி இல்லங்கள் இருந்தன. (புகழ்பெற்ற ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் இளமையில் இங்கு அடைக்கப்பட்டிருந்தார் என்பது அவர் இறந்த ஆண்டான 1996 இல் தெரியவந்தது.) 1932 இல் பள்ளியின் தலைவி ஃபேனி ஃபிரெஞ்ச் மோர்ஸ் மொரேனோவை ஆய்வு இயக்குநராக நியமித்தார்.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் இரண்டே வாரங்களில் 14 சிறுமிகள் பள்ளியிலிருந்து தப்பி ஓடினர். இது வழக்கமான அளவைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு ஆகும். ஓடியவர்கள் வெவ்வேறு இல்லங்களைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவரின் குணத்தையும் குடும்பப் பின்னணியையும் தனித்தனியே ஆராய்ந்தால் பொதுவான காரணம் எதுவும் அகப்படவில்லை.

மொரேனோவும் ஜென்னிங்சும் இதற்கு வேறு வழியில் விடை தேடினர். யாருடன் ஒரே இல்லத்தில் வாழ விரும்புகிறாய் என்று ஒவ்வொரு சிறுமியிடமும் கேட்டு ஐந்து பெயர்களைப் பெற்றனர். யாருடன் வாழ விரும்பவில்லை என்பதும் கேட்கப்பட்டது. விடைகளைப் பெரிய தாள்களில் வரைந்தனர். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம். ஈர்ப்புக்குச் சிவப்புக் கோடு. வெறுப்புக்குக் கறுப்புக் கோடு. இவ்வாறு வரையப்பட்ட படமே சமூக வரைபடம் எனப்படுகிறது. தப்பியோடியவர்கள் இருந்த இடங்களை அப்படத்தில் பார்த்தபோது, இல்லங்களின் எல்லைகளைத் தாண்டிச் செல்லும் நட்புச் சங்கிலிகளில் அவர்கள் கோக்கப்பட்டிருப்பது தெரிந்தது. தப்பும் எண்ணம் இச்சங்கிலிகளின் வழியாகவே பரவியது என்பது மொரேனோவின் முடிவு. எவர் ஓடுவார் என்பதை அவரது குணத்தைக் காட்டிலும் வலையமைப்பில் அவர் இருந்த இடம் தீர்மானித்தது என்றும், அச்சங்கிலி வழியே செல்வதைச் சிறுமிகள் தாமே அறிந்திருக்க வேண்டியதில்லை என்றும் அவர் கருதினார்.

ஏப்ரல் 1933 இல் நியூயார்க்கில் நடைபெற்ற மருத்துவர் மாநாடு ஒன்றில் இப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவற்றை உணர்ச்சிகளின் புவியியல் என்ற பொருள்படச் செய்தியாக்கியது.

அதே காலப்பகுதியில் புரூக்ளினில் ஒரு பொதுப் பள்ளியிலும், யார் அருகில் அமர விரும்புகிறாய் என்ற கேள்வியைக் கொண்டு மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இதே ஆய்வு செய்யப்பட்டது. சிறுவர்கள் முக்கோணங்களாகவும் சிறுமியர் வட்டங்களாகவும் குறிக்கப்பட்டனர். கீழ் வகுப்புகளில் இரு சாராரும் கலந்து இருந்தனர். நடு வகுப்புகளில் வரைபடம் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. எட்டாம் வகுப்பில் பிளவு சற்றே தளர்ந்தது. ஒரே பள்ளியின் பல வகுப்புகளை அவற்றின் வலையமைப்பின் உருவத்தைக் கொண்டு அருகருகே வைத்து ஒப்பிட்ட தொடக்ககால முயற்சி இது.

இவ்வாய்வுகள் அனைத்தும் 1934 இல் வெளிவந்த ஹூ ஷல் சர்வைவ் (யார் பிழைத்திருப்பர்) என்னும் நூலில் தொகுக்கப்பட்டன. நூலின் முதல் வரிகளிலேயே மனித இனம் முழுவதுக்குமான சிகிச்சை பற்றிப் பேசும் மொரேனோ, அடுத்து ஒவ்வோர் இல்லத்தின் எண்ணிக்கை அட்டவணைக்கும் வந்துவிடுகிறார். முதல் முறை படிப்பவருக்கு இரண்டு வேறு நூல்கள் தவறுதலாக ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டனவோ என்று தோன்றும்.

தற்செயலுடன் ஒப்பீடு

சமூக வரைபடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும் சிறு உருவங்களுக்கு மொரேனோ பெயரிட்டார். எவராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர் தனியர். ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்த இருவர் இணை. இணைகள் தொடர்ந்தால் சங்கிலி. மூவர் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தால் முக்கோணம். பலராலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நட்சத்திரம். இக்காலக் கோட்டுருவியலின் மொழியில் இவற்றுள் பெரும்பாலானவை உட்கோட்டுருக்கள் ஆகும்.

ஆனால் பெயரிடுவதோடு ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு வகுப்பில் ஐந்து இணைகள் காணப்பட்டால் அது அதிகமா, குறைவா? மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பெயர்களை எழுதியிருந்தாலும் சில இணைகள் அமைந்திருக்கும் அல்லவா? ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் இல்லாமல் எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை.

1938 இல் சோசியோமெட்ரி இதழின் முதல் தொகுதியில் மொரேனோவும் ஜென்னிங்சும் எழுதிய கட்டுரை இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. 26 பேர் கொண்ட குழு. ஒவ்வொருவரும் மூவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். இத்தகைய உண்மையான குழுக்களின் வரைபடங்கள் ஒரு பக்கம். மறுபக்கம், அதே 26 பேருக்கு அதே மூன்று தெரிவுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிப் பெற்ற செயற்கை வரைபடங்கள். இவ்விரண்டிலும் உள்ள சிறு உருவங்களை எண்ணி ஒப்பிட்டனர். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா வந்திருந்த சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட், குலுக்கலுக்கு இணையான நிகழ்தகவுக் கணக்கீட்டை அமைத்துக் கொடுத்தார்.

அக்கணக்கை எவரும் எளிதில் செய்து பார்க்கலாம். ஒருவர் தம்மைத் தவிர்த்த 25 பேரில் மூவரைத் தேர்ந்தெடுக்கிறார். எனவே அவர் குறிப்பிட்ட ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவு 3/25, அதாவது 0.12. இருவர் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவு 0.12 இன் வர்க்கமான 0.0144. குழுவில் 325 இரட்டைகள் அமையக்கூடும். ஆகவே தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க இணைகள் 4.68. ஒருவரையும் எவரும் தேர்ந்தெடுக்காமல் போகும் நிகழ்தகவு 0.88 இன் 25 ஆவது அடுக்கு, ஏறத்தாழ 0.041. எனவே 26 பேரில் சராசரியாக ஒரு தனியரையே எதிர்பார்க்கலாம்.

முக்கோணத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. ஒருவர் தமது மூன்று தெரிவுகளுக்குள் குறிப்பிட்ட இருவரையும் சேர்த்துக்கொள்ளும் நிகழ்தகவு சரியாக 0.01. மூவரும் அவ்வாறே செய்ய வேண்டுமாதலால் இது பத்து இலட்சத்தில் ஒன்றாகிறது. குழுவில் அமையக்கூடிய மும்மைகள் 2600. பெருக்கினால் 0.0026 கிடைக்கிறது. அதாவது தற்செயலை மட்டும் நம்பினால், ஏறத்தாழ 385 குழுக்களைத் தேடினால்தான் முழுமையான ஒரு முக்கோணம் அகப்படும். எந்த வகுப்பறையிலும் பிரியாத மூன்று தோழர்களைச் சுட்டிக்காட்ட முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால், வலையமைப்பு எவ்வளவு தூரம் தற்செயலிலிருந்து விலகி நிற்கிறது என்பது விளங்கும். உருவம் பெரிதாகப் பெரிதாக அது தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. எனவேதான் மூன்று, நான்கு முனைகள் கொண்ட உருவங்களே ஒரு வலையமைப்பைப் பற்றி நிறையச் சொல்லக்கூடியவையாக இருக்கின்றன.

உண்மையான குழுக்களில் இணைகள் தற்செயலை விட மிகுதியாக இருந்தன. அதே வேளை தனியர்களும் மிகுதியாக இருந்தனர். மிகப் பலரால் விரும்பப்பட்டவர்களும் மிகுதி. அதாவது மனிதர்கள் தெரிவுகளைச் சமமாகப் பங்கிடுவதில்லை. சிலரிடம் குவிகிறது, சிலரை முற்றிலும் விட்டுவிடுகிறது. யாராலும் விரும்பப்படாத சிறுமி ஒருத்தி இருப்பது அவளது தனிப்பட்ட குறை என்று பள்ளி கருதிவந்த நிலையில், அத்தகையோர் எத்தனை பேர் இருப்பர் என்பது குழுவின் அமைப்பைப் பொறுத்த ஒன்று என்று இவ்வெண்கள் காட்டின. ஹட்சன் பள்ளியில் யார் எந்த இல்லத்தில் வாழ்வது, யார் எந்த மேசையில் உண்பது என்பவை இத்தகைய தெரிவுகளின் அடிப்படையில் மாற்றியமைக்கப்பட்டன என்பதால், இது வெறும் கணக்கு அன்று.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. இங்கு தற்செயல் என்பது, எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட ஒரே அளவு வாய்ப்புள்ளவர்கள் என்று கொள்கிறது. ஆனால் ஒருவர் பலராலும் விரும்பப்படுபவர் என்றால், அந்த ஒரு காரணத்தாலேயே அவரைச் சுற்றிச் சில உருவங்கள் மிகுதியாகத் தோன்றும். எதை நிலையாக வைத்துக்கொண்டு எதைக் குலுக்குவது என்னும் இக்கேள்வி பின்வந்தவர்களிடம் விடப்பட்டது.

பங்களிப்பு பற்றிய கருத்து வேறுபாடு

சமூக வலையமைப்புப் பகுப்பாய்வின் வரலாற்றை 2004 இல் நூலாக எழுதிய லின்டன் ஃபிரீமன், 1930களில் மொரேனோவின் பெயரில் வந்த முறையான ஆய்வுகளில் ஜென்னிங்சுக்கும் லாசர்ஸ்ஃபெல்ட்டுக்கும் பெரும்பங்கு உண்டு என்று காட்டியுள்ளார். 1934 ஆம் ஆண்டு நூலின் அட்டையில் ஜென்னிங்சின் பெயர் ஆசிரியராக இடம்பெறவில்லை. அவர் 1943 இல் தலைமையும் தனிமையும் பற்றித் தம் பெயரில் வெளியிட்ட நூலைப் படிப்பவர்க்கு, ஹட்சன் தரவுகளைக் கையாண்ட கை யாருடையது என்பதில் ஐயம் அதிகம் எழாது. எனினும் கேள்வியை எழுப்பியவரும், அதற்கு இடமும் வாய்ப்பும் தேடித் தந்தவரும் மொரேனோவே என்பதை மறுப்பதற்கில்லை.

மொரேனோவின் இயல்பும் அவரது துறைக்குத் தடையாக அமைந்தது. இறைவனே தன்மையில் பேசுவது போன்ற பாடல்களை அவர் வியன்னாவில் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டிருந்தார்; 1941 இல் அவற்றின் ஆங்கில வடிவத்தை அமெரிக்காவில் வெளியிட்டார். தமது கருத்துகளைப் பிறர் திருடிவிட்டதாக அடிக்கடி குற்றம் சாட்டினார். கர்ட் லெவினின் மாணவர்களும் இதற்குத் தப்பவில்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படிப்படியாக விலகிச் சென்றனர்.

பிற்கால வாழ்க்கை

1936 இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் நகரில் ஒரு மனநல மருத்துவமனையைத் தொடங்கி, அதனோடு உளநாடக அரங்கு ஒன்றையும் கட்டினார். 1937 இல் சோசியோமெட்ரி இதழைத் தொடங்கினார். 1950களின் நடுப்பகுதியில் அதை அமெரிக்கச் சமூகவியல் சங்கத்திடம் ஒப்படைத்தார். அவ்விதழ் பின்னர் சமூக உளவியலுக்கான காலாண்டிதழாகப் பெயர் மாறியது. 1942 இல் குழு உளச்சிகிச்சைக்கும் உளநாடகத்துக்குமான அமெரிக்கச் சங்கத்தை நிறுவினார். 1953 இல் தமது முதன்மை நூலை விரிவாக்கி மறுபதிப்புச் செய்தார்.

மொரேனோ மூன்று முறை மணம் புரிந்தவர். 1949 இல் மணந்த செர்கா, உளநாடகத்தில் அவருக்கு இணையான பங்காளியாகி, அவர் மறைந்த பின்னும் பல்லாண்டுகள் அம்முறையைக் கற்பித்து 2016 இல் மறைந்தார். இவர்களது மகன் ஜொனாதன் மொரேனோ உயிரிய அறவியல் அறிஞர். தந்தையைப் பற்றி 2014 இல் ஒரு நூல் எழுதினார்.

மே 14, 1974 அன்று மொரேனோ பீக்கனில் காலமானார். அவரது அஸ்தி 1993 இல் வியன்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மனநல மருத்துவத்துக்குள் சிரிப்பைக் கொண்டுவந்த மனிதர் என்னும் பொருள்பட அங்குள்ள கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. இது அவரே விரும்பிக் கேட்டுக்கொண்டதாகும்.

சிறு உருவங்களின் பிற்கால வரலாறு

1970களில் பால் ஹாலண்ட், சாமுவேல் லைன்ஹார்ட் ஆகிய இருவரும் மூவர் உருவங்களை முறையாக எண்ணும் வழியை வகுத்தனர். திசையுள்ள கோடுகளால் மூன்று முனைகளை இணைக்க 16 வகைகளே உண்டு. ஒவ்வொரு வகையும் எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுத்து, இணைகளின் எண்ணிக்கையை மாற்றாமல் குலுக்கப்பட்ட வலையமைப்போடு ஒப்பிட்டனர். மொரேனோ விட்டுச்சென்ற கேள்விக்கு இது முதல் நல்ல விடை ஆகும்.

2002 இல் இசுரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த ஊரி ஆலோன் குழுவினர் இம்முறையை மனிதர்களுக்கு வெளியே கொண்டுசென்றனர். ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுக் கட்டுப்பாடு, ஒரு சிறு புழுவின் நரம்புகள், உணவு வலைகள், மின்னணுச் சுற்றுகள், உலகளாவிய வலை ஆகியவற்றில், ஒவ்வொரு முனைக்கும் வரும் கோடுகளையும் செல்லும் கோடுகளையும் மாற்றாமல் குலுக்கி, எந்தச் சிறு உருவங்கள் எதிர்பார்ப்பை மீறி வருகின்றன என்று கண்டனர். அவ்வுருவங்களுக்கு வலையமைப்பு மோட்டிஃப்கள் என்று பெயர். உடனே எதிர்ப்பும் எழுந்தது. அருகருகே இருக்கும் நரம்புகளே மிகுதியாக இணைவதால், எந்தப் பயனும் இல்லாமலேயே சில உருவங்கள் மிகக்கூடும் என்று 2004 இல் சிலர் சுட்டிக்காட்டினர். தற்செயல் என்று எதைக் கொள்வது என்னும் பழைய கேள்வியே இது. அதே ஆண்டில் நடாஷா புர்சுல்ஜ் தலைமையிலான குழுவினர், மூன்று முதல் ஐந்து முனைகள் கொண்ட 29 உருவங்களை எண்ணிப் புரத வலையமைப்புகளை ஒப்பிடும் முறையை வெளியிட்டனர்.

ஆலோன் குழுவினர் 2004 இல் மற்றொரு படியும் சென்றனர். மூன்று முனைகளை முழுமையாக இணைக்கும் 13 வகைகளின் மிகுதியையும் குறைவையும் ஒரே வரைகோடாக வரைந்து, அளவில் முற்றிலும் வேறுபட்ட வலையமைப்புகளை அதைக் கொண்டு ஒப்பிட்டனர். உலகளாவிய வலையும் மனிதக் குழுக்களும் ஒரே குடும்பத்தில் வந்து சேர்ந்தன. அந்த ஆய்வில் இடம்பெற்ற மனிதக் குழுக்களுள் ஒன்று, 32 கல்லூரி மாணவர்களிடையே 96 தெரிவுகளைக் கொண்டது. அதாவது ஒருவருக்குச் சராசரியாக மூன்று. மற்றொன்று 67 சிறைக் கைதிகளைப் பற்றியது. அதன் தரவு 1960 ஆம் ஆண்டின் சோசியோமெட்ரி இதழிலிருந்து எடுக்கப்பட்டது.